அறிவிப்பு அக்காவின் வியாழக்கிழமை

அந்த ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளை அறிவிப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துணைவேந்தரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டார். வரும் வாரம் எந்த அரங்கில் யார் பேசப்போகிறார், எங்கே பயிற்சிப் பட்டறை, எந்த மாலையில் மூச்சுப் பயிற்சி என்பதையெல்லாம் துறை துறையாகக் கேட்டு வாங்கி, திங்கள்கிழமை காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவாள். நடைவழிகளில் தொங்கும் திரைகளிலும் அதுவே நாள் முழுக்க ஓடும்.

பெரிய அரங்கின் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஓர் அறை. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்தால் தலை இடிக்கும் என்பதால், "எந்திரிக்காதீங்க, உக்காந்தபடியே நகருங்க" என்பாள். சுவரோரம் பழைய பதாகைகள் சுருட்டிக் கிடந்தன. மாணவர்கள் படியேறும் சத்தம் நாளெல்லாம் அவள் தலைக்கு மேல் கேட்கும்.

பேராசிரியர்கள் மூன்று வரி நீளத்துக்குத் தலைப்பு அனுப்புவார்கள். அவள் அதை ஒரே மூச்சில் படிக்கிற அளவுக்கு வெட்டிவிடுவாள். ஒவ்வோர் அறிவிப்பும் "அனைவரும் வருக. தேநீர் உண்டு" என்று முடியும். தேநீர் இல்லாத பேச்சுக்கு ஆள் சேராது என்பது அவளுக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது.

"ஆராய்ச்சி வளர்றது மூளையாலன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க அக்கா. எல்லாம் பிஸ்கட்டால" என்பான் அரங்கின் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவனை மைக் என்று கூப்பிடுவார்கள்.

மனநலத்துக்கான நிகழ்ச்சிகளுக்கு மட்டும் தேநீர் வைத்தும் ஆள் வருவதில்லை. அரங்கின் கதவு கண்ணாடி. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் மைக் கேட்பான்: "இந்த வாரமும் மூச்சுப் பயிற்சிக்கு நாற்காலி போடணுமா அக்கா? பாவம், நாற்காலிங்களாவது நிம்மதியா மூச்சு விடட்டும்."

அவள் சிரிப்பாள். ஆனால் அவளுடைய தம்பி தன் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளால் அதற்குச் சிரிக்க முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவன் ஆய்வு மாணவன். முதல் ஆண்டில் அவனுடைய பேச்சுக்கு அவளே அறிவிப்பு எழுதினாள், அரங்கு நிரம்பியது. பிறகு ஆண்டுகள் ஓடின. கண்ணாடித் தட்டில் அவன் வளர்த்த செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. ஒருமுறை கிடைத்த முடிவு மறுமுறை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருவது குறைந்து, விடுதியிலேயே தங்கிவிட்டான்.

"என் கட்டடத்துப் பக்கம் மட்டும் வராதக்கா. உன் தம்பிங்கறதாலதான் இடம் கெடைச்சுதுன்னு ஏற்கெனவே பேசிக்கிறாங்க" என்று ஒருநாள் சொன்னான். அவள் சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்தான்.

"சைக்கிள் எங்கடா?"

"ஜூனியர் பையன்கிட்ட கொடுத்துட்டேன்."

"ஓசியாவா? நீ எதுல போவ?"

"எங்கக்கா போகப்போறேன்?"

சாப்பிட்டான். தன் தட்டோடு அவள் தட்டையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். கிளம்பும்போது, "எல்லாத்துக்கும் தாங்க்ஸ்க்கா" என்றான்.

அவளுடைய வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டே சிரித்தார். "என்னம்மா, உன் தம்பிக்கு இந்த வயசுலயாவது மரியாதை தெரிஞ்சுதே."

தனக்கு வேண்டிய பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, எதற்கென்று சொல்லாமல் நன்றி சொல்வது: இவற்றைக் கண்டால் கவனியுங்கள் என்ற வரியை அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். போன பருவத்து மனநலப் பேச்சுக்கான அறிவிப்பு அது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பியிருந்தாள்.

வாசலுக்கு ஓடி அவன் கையைப் பிடித்தாள். "டேய், ஏதாவது தப்பா நெனைச்சு வெச்சிருக்கியா? செத்துப் போகலாம்னு தோணுதா? அக்காகிட்ட சொல்லுடா."

அவன் எங்கோ பார்த்தான். "தூக்கம் வரல. அவ்வளவுதான். கைய விடு, லேப் இருக்கு."

மறுநாள் முதல் வேலையாக மனநல ஆலோசகரிடம் போனாள். அந்தப் பெரிய வளாகத்துக்கு அந்த அம்மா ஒருவர்தான். அவரைப் பார்க்க நேரம் கேட்டால் அடுத்த மாதம் கிடைக்கும்.

"அவ்வளவு நாள் தள்ள வேண்டாம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, பாக்கிறேன்" என்றார் ஆலோசகர்.

"நான் கூப்பிட்டா வர மாட்டான்ம்மா. போன் அடிச்சா கட் பண்றான். தூக்கம் வரலன்னு மட்டும்தான் சொல்றான்."

"தூக்கத்துக்குப் பயிற்சின்னு போட்டா வருவானா?"

வியாழக்கிழமை பிற்பகல் என்று முடிவாயிற்று. முதலில் எல்லோருக்கும் பயிற்சி, பிறகு தேநீர். தேநீர் நேரத்தில் ஆலோசகர் அவனைத் தனியே பிடித்துப் பேசுவார். அவள் அறைக்கு ஓடிவந்து அறிவிப்பை எழுதினாள். "கண்ணை மூடினாலும் நிற்காத வேலை: ஆய்வு மாணவர்களுக்குத் தூக்கப் பயிற்சி. அனைவரும் வருக. தேநீர் உண்டு." அன்று மாலைக்குள் இதுவரை எந்த மனநல நிகழ்ச்சிக்கும் இல்லாத அளவுக்குப் பெயர்கள் வந்து சேர்ந்தன. நடுவில் தம்பியின் பெயர் இருந்தது. அவள் எழுந்த வேகத்தில் கூரையில் தலையை இடித்துக்கொண்டாள், வலித்ததாகவே தெரியவில்லை.

வியாழக்கிழமை மைக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டான். கண்ணாடிக் கதவுக்குப் பழைய பதாகை ஒன்றைத் திரையாகக் கட்டினான். "அக்கா, நாற்காலி பத்தாது போலிருக்கே. பக்கத்து அரங்குல கடன் வாங்கிட்டு வரவா?"

நேரமாயிற்று. யாரும் வரவில்லை. தேநீர்ப் பாத்திரத்தின் மூடியில் ஆவி முத்து முத்தாகக் கோத்துச் சொட்டியது. ஆலோசகர் வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மைக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டு, சரியாக இருந்த நாற்காலிகளை மறுபடி சரிசெய்தான்.

கடைசியில் ஒரு மாணவி தலையை மட்டும் நீட்டினாள்.

"அக்கா, எனக்கு அனுமதி கெடைக்கல. வரேன்னு பேர் கொடுத்துட்டு வராம இருந்தா நல்லா இருக்காதேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"என்ன அனுமதி?"

"கைடோட ஒப்புதல் வேணும்னு நீங்கதானே அக்கா அவருக்கு மெயில் போட்டிருக்கீங்க? 'உனக்கு என்ன பிரச்சனை'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார்."

அவள் எந்த அறிவிப்பையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பழையது ஒன்றைத் திறந்து, தலைப்பையும் நாளையும் மாற்றி அனுப்புவதுதான் பழக்கம். திங்கள்கிழமை பதற்றத்தில் அவள் திறந்தது நுண்ணோக்கிப் பயிற்சிக்கான அறிவிப்பு. அது விலை உயர்ந்த கருவி. அதனால் அதற்குப் பெயர் கொடுக்கிற ஒவ்வொரு மாணவரின் நெறியாளருக்கும், ஒப்புதல் கேட்டுத் தானாகவே மின்னஞ்சல் போகும். தலைப்பு, நாள், அரங்கு எல்லாவற்றையும் மாற்றியவள் அந்த ஏற்பாட்டை நிறுத்த மறந்துவிட்டாள். தூக்கமில்லை என்று இரகசியமாகக் கை தூக்கிய அத்தனை பேரையும் அவளே காட்டிக்கொடுத்திருந்தாள்.

அறைக்கு ஓடிப் பார்த்தாள். தம்பியின் நெறியாளர் காலையிலேயே பதில் அனுப்பியிருந்தார். "இப்போது வேண்டாம்." அதன் நகல் அவனுக்கும் போயிருந்தது.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே, கொடுத்த வாக்கை மறந்து, உயிரியல் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அவனுடைய மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வெள்ளை அங்கி மடிக்கப்பட்டு நாற்காலியின் மேல் கிடந்தது. அவன் எதையும் மடித்து அவள் பார்த்ததில்லை.

"என் தம்பி எங்க சார்?"

நெறியாளர் நிமிர்ந்தார். "காலைல இருந்து காணோமே. ஏன், என்னாச்சு?"

அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. "நான் தலைப்பைக்கூடப் படிக்கலம்மா. வாராவாரம் நுண்ணோக்கிக்கு ஆள் கேட்டு வருமே, அதுன்னு நெனைச்சு..."

அவர்மேல் கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. அவளும்தான் பார்க்காமல் அனுப்பியிருந்தாள். "விடுதிய நான் பாக்கிறேன், காவலர்களையும் தேடச் சொல்றேன்" என்று அவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

நடைவழியில் அவள் தனியாக நின்றாள். தலைக்கு மேல் திரையில் அவள் எழுதியதே ஓடியது. அனைவரும் வருக. தேநீர் உண்டு.

எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அறையில் உட்கார்ந்து, பழையது எதையும் திறக்காமல், வெற்றுப் பக்கத்தை எடுத்தாள். யோசிக்கவில்லை. எழுதியதை எல்லாத் திரைகளுக்கும் அனுப்பினாள். நூலகத்தில், உணவகத்தில், நிர்வாகக் கட்டடத்தில் என வளாகம் முழுக்க அந்த எழுத்துகள் மட்டும் பெரிதாக வந்து நின்றன.

"தம்பி, அக்கா பெரிய அரங்குல இருக்கேன். யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். வாடா."

அரங்குக்கு வந்து வாசலைப் பார்த்து நின்றாள். அந்த மாணவி இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் அவள் ஓரடி முன்னால் போனாள். யாரும் அவனில்லை.

"தம்பிங்களுக்கு மட்டும்தானா, அண்ணன்களும் வரலாமா அக்கா?" என்று தாடிக்காரன் ஒருவன் கேட்டான். அவள் நாற்காலியைக் காட்டினாள். சும்மா இருக்க முடியாமல் மைக் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா, அத எடு." தம்பியின் குரல் உடைந்திருந்தது. "விடுதிப் பையன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். மானம் போகுது."

"எங்கடா இருக்க?"

"மொதல்ல எடு."

"எடுக்க மாட்டேன். நீ வந்து எடு."

"என்னால முடியலக்கா. ஒண்ணும் முடியல."

"ஹலோ, ஹலோ" என்றான் மைக் ஒலிவாங்கியில். அரங்கில் கேட்ட அந்த ஹலோ, கைப்பேசிக்குள்ளிருந்தும் கேட்டது.

அவன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறான். அவள் ஓடினாள். ஆலோசகர் அவள் பின்னால் ஓடினார். அரங்கை ஒட்டிய மாடிப்படியில், மொட்டைமாடிக் கதவுக்கு முந்தைய வளைவில், அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறான். அவளுடைய அறைக்கு நேர் மேலே.

கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் அவள் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"எடுக்கச் சொன்னேன்ல" என்றான்.

"மூச்சு வாங்குதுடா. இருடா."

அவன் நெற்றியை அவள் முழங்காலில் வைத்தான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஆலோசகர் இரண்டு படிகள் கீழே உட்கார்ந்து, "தூங்கி எவ்வளவு நாளாச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல" என்றான் அவன். பிறகு முகத்தை நிமிர்த்தாமலே, "ஞாயித்துக்கிழமை நீ கேட்டியேக்கா... ஆமா" என்றான்.

அவள் அவன் சட்டையின் பின்கழுத்தை, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல், இறுகப் பிடித்திருந்தாள். கீழே மைக் நெறியாளருக்குப் போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரையில் இருப்பதை எடுத்துவிடலாமா என்று யாரோ படிக்கட்டின் அடியிலிருந்து கேட்டார்கள். அவள் தன் கையை எடுக்கவில்லை.