கரி வண்டியில் காற்றுப் பை

எங்கள் ஊரிலிருந்து பரளச்சி வழியாக அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் பதினான்கு வேகத்தடை இருக்கிறது. ரோட்டைப் பார்த்து எண்ணியதில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து எண்ணியது. ஒவ்வொன்றுக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவர் கண்மாய்க் கரையில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. ஆபரேசன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தையல் போட்ட இடந்தான் கூடவில்லை. சர்க்கரை உள்ள உடம்பு, சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. வாரம் தவறாமல் வந்து புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும், விட்டால் சீழ் உள்ளே இறங்கிக் காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரால் உட்கார முடியாது. பஸ்ஸு, ஆட்டோ எதுவும் ஆகாது. படுத்தபடியேதான் கொண்டுபோக வேண்டும்.

மகள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். மருமகனிடம் பெரிய பிக்கப் வண்டி உண்டு. சீமைக்கருவேலங் கரியை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போவார். செவ்வாய்க்கிழமை மட்டும் கரி ஏற்றாமல், பின்பக்கத்தைக் கழுவிவிட்டு, பஞ்சு மெத்தையை விரித்து மாமனாரை ஏற்றுவார். எவ்வளவு கழுவினாலும் கரித்தூள் போகாது. வீடு திரும்பும்போது இவருடைய வெள்ளை வேட்டியும் என் சேலை முந்தியும் கறுத்திருக்கும். நான் பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொள்வேன்.

மூட்டை ஏற்றிய வண்டி யானை மாதிரி அசைந்து போகும். வெறும் வண்டி அப்படி இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்கள். அது பாரத்துக்கென்று செய்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் அது வளையவா போகிறது? பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வழியாக வந்து பல்லில் இடிக்கும். எனக்கே அப்படியென்றால் அவருக்கு எப்படி இருக்கும்.

மருமகன் பார்த்துச் சகிக்காமல் டவுனில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். பட்டையில் பாதியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ரப்பரில் காற்றுப் பை வைத்துக்கொண்டு வந்தார். பூசணிக்காய் அளவில் கறுப்பாக இருந்தது. டயருக்கு அடிக்கிற மாதிரி அதற்கும் காற்று அடித்துக்கொள்ளலாம். பெரிய பெரிய பஸ்ஸில் எல்லாம் இதுதான், இனிமேல் மாமா மெத்தையில் போகிற மாதிரிப் போகலாம் என்று மகளிடம் சொன்னாராம். அவருக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனால் முதல் செவ்வாயே தெரிந்துவிட்டது. முன்னைக்கு இப்போது கூடுதலாகத்தான் தூக்கிப் போட்டது. இரும்பு இடித்தது ஒரு மாதிரி. இது பந்தின் மேல் வைத்து எத்துகிற மாதிரி. வேகத்தடைக்கு வேகத்தடை இவர் என் மடியிலிருந்து நழுவினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, எப்படி இருந்தது என்று மருமகன் ஆசையாகக் கேட்டார். வேர்த்து நனைந்துபோய்க் கிடந்த மனுசர், தேவலை மாப்பிள்ளை என்றார். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது.

நான் சொல்லியிருக்கலாமே என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. மகளைச் சொந்தத்தில் கொடுத்திருந்தால் அது வேறு. நாங்கள் அசலில், உறவில்லாத இடத்தில் கொடுத்தோம். அவர் வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். சோறு போடுவது மகள். கேட்பது, சொல்வது எல்லாம் மகள் வழியாகத்தான். அதிலும் நான் சின்ன வயசிலிருந்தே கூச்சக்காரி. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் என் பேரைச் சொல்லும். அந்தப் பழக்கத்திலேயே, மகளைக் கட்டிக்கொடுத்தும் பதினெட்டு வருசம் ஓடிவிட்டது.

அதனால் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்சம் தூக்கிப் போடுது, ஒங்க வீட்டுக்காரருகிட்ட பக்குவமாச் சொல்லு என்றேன். அவளும் சொன்னாள். தூக்கிப் போடுகிறது என்றால் காற்றுப் பத்தவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய் காலையில் நின்று நிதானமாக இன்னும் காற்று அடித்தார். பை இரண்டும் உப்பிக் கல்லாக நின்றன. அன்றைக்குப் பட்ட பாட்டை நான் எழுத வேண்டாம். மறுபடியும் மகளிடம் சொன்னேன். மறுபடியும் காற்றுத்தான் ஏறியது. நான் வாயைத் திறக்கத் திறக்க இவருக்கு வலி கூடியதுதான் மிச்சம். பிறகு மகளிடம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

நாலாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, மெயின் ரோட்டில் பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்று வண்டியைக் காட்டுப்பாதையில் இறக்கினார் மருமகன். வெட்டிவிட்ட கருவேலங் கட்டை ஒன்று அடியில் உரசிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வண்டி கொஞ்சங் கொஞ்சமாகச் சாந்தமானது. பள்ளத்தில் இறங்கினால் அமுங்கியது, பிறகு மெல்ல எழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. கையை அசைத்தால் விழித்துவிடுவாரோ என்று ஈயைக்கூட விரட்டாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டி பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. காற்றுப் போகிற குழாயைக் கட்டை கிழித்திருக்கிறது. மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டார். நோயாளியை வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் இறக்கினேனே என்று தன்னைத்தானே வைதார். மறுநாளே குழாயை மாற்றி, கரிமூட்டைக்கு வேண்டிய காற்றையும் அடித்துவிட்டார். காற்றுக் கூடினதுதான் தூக்கிப் போடுகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அடுத்த செவ்வாய் காலையில் இவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“நா வரல. காலு போனாப் போகட்டும்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மகள் அன்று மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்விட்டாள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

“போய்ச் சொல்லு” என்றார் இவர். “ஒரு வார்த்தை பேசுனா ஒன் வாயில முத்து உதுந்துருமா?”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மருமகன் பின் கதவை இறக்கிவிட்டு மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு, டயரைப் பார்த்தே சொன்னேன்.

“மாப்பிள்ளை, அந்தக் காத்தப் பாதி எறக்கிருங்க.”

அவர் யார் பேசியது என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“எறக்குனா இன்னும் குதிக்குமே அத்தை.”

“நீங்க முன்னால ஒக்காந்து ஓட்டுறீக. பின்னால கெடக்குறது நாங்க. குழா அந்துபோன அன்னிக்குத்தான் அவுக தூங்குனாக.”

அவர் குனிந்து பையை அமுக்கிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

“அப்ப இத்தன வாரமும் மூட்டைக்கு அடிச்ச காத்துலயா மாமாவக் கூட்டிட்டுப் போனேன்?”

உள்ளே போய்விட்டேன். வெளியே காற்று இறங்குகிற சத்தம் சீறிக்கொண்டு கேட்டது. என்ன அது என்று இவர் கேட்டார். சொன்னேன். சுவரிலிருந்து திரும்பிப் படுத்தார்.

அன்றைக்கும் வலி இல்லாமல் போகவில்லை. அந்த ரோட்டுக்கு எந்தப் பையும் பத்தாது. பதினான்கில் அவர் கண் மூடியது ஐந்தோ ஆறோ இருக்கும். பாதி வழியில் என்னைப் பார்த்து, இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் என்னடி என்றார். அப்படிக் கேட்க அவருக்கு மட்டும் என்ன யோக்கியதை, அவரும்தானே தேவலை தேவலை என்றார். ஆனால் நழுவிய தலையை மடியில் சரியாக வைத்துக்கொண்டேன். அசதியாக இருந்தது.

புண் இன்னும் முழுசாக மூடவில்லை. சீழ் குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தாதீர்கள் என்கிறார்கள். செவ்வாய்க்குச் செவ்வாய் மருமகன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து காற்றைத் திறந்துவிட்டு, போதுமா அத்தை என்று கேட்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்ப்பதில்லை. நானும் டயரைப் பார்த்துத்தான் சொல்கிறேன், இன்னுங் கொஞ்சம் என்று.