கதவடிக் கதிரை

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில், எதிர்வீட்டுக்காரர் ருமேனியாவிலிருந்து வந்த ஒரு கிழவர். சிறுகதை எழுதுகிறவர். அதை ஒரு தொழிலாக அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "பென்சன்காரர் எண்டு சொல்லு, போதும்" என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கதை எழுதுகிறவர் என்றால் கலகலப்பான மனிதராக இருப்பார் என்று எண்ணியிருந்தேன். இவரோ லிஃப்டில் தனியாக வந்தாலும், பக்கத்தில் நாலுபேர் நெருக்குவதுபோல மூலையில் ஒடுங்கி நிற்பார். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும். வாசிப்பார், நெடுநேரம் சத்தமே இராது, பிறகு யாருக்கோ மறுமொழி சொல்வார். ஆனால் அந்தக் கதவால் ஓர் ஆள் உள்ளே போனதை நான் கண்டதே இல்லை.

போதாக்குறைக்கு எங்கள் மாடி நடையின் விளக்கு. ஆள் நடமாடினால் மட்டும் தானாக எரிகிற வகை. பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிற மார்கழியில், ஆளில்லாத நடையில் அது திடீரென்று எரியும். கதவுக்கண்ணால் பார்த்தால் வெறும் நடைதான் தெரியும். கட்டடத்தைப் பார்க்கிற வக்ட்மெஸ்தர் வந்து எதையோ மாற்றிப் பூட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எரிந்தது.

எரிகிற போதெல்லாம் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து கதவைத் திறப்பார். எல்லாம் மாமாவுக்காக. மாமா அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் கடைசி யுத்தத்தோடு காணாமல் போனவர். சரணடைந்ததைக் கண்டேன் என்றார் ஒருவர். முகாமில் கண்டேன் என்றார் இன்னொருவர். துருவிக் கேட்டால் இரண்டு பேரும் மழுப்பினார்கள். அவர் எடுத்தால் கிடைக்கவேண்டும் என்று அம்மா பழைய தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் வைத்திருந்தார். கோயிலில் ஒரு மாமி, நாள் பார்த்துச் செய்யவேண்டியதைச் செய்துவிடு பிள்ளை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் திவசம் குடுப்பினமோ?" என்று அம்மா போட்ட சத்தத்தில் ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

கிழவர் சில சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மணியை அடித்து ஒரு தட்டுத் தருவார். அவித்த கோதுமையில் சீனியும் வால்நட்டும் போட்டுக் குழைத்த ஒருவகைப் புக்கை. அதன் நடுவில் ஒரு மெழுகுதிரி எரியும். தரும்போது யாரோ ஒருவரின் பெயரைச் சொல்வார். நான் பெயரையா கவனித்தேன், தட்டை வழித்துத் தின்பதிலேயே குறியாக இருந்தேன். அயலவர் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லையே. அம்மா கழுவித் துடைத்து, வடையோ பயத்தம் பணியாரமோ வைத்து என்னிடம் தருவார். நான் மணியடித்துப் பார்த்துவிட்டு, அவர் ஒருநாளும் திறக்காததால் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஒருநாள் நான் வைக்கக் குனிந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தட்டைக் கண்ட கிழவரின் முகம் வெளிறிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

என் சத்தத்துக்கு அம்மா ஓடிவந்தார். இரண்டு பேருடைய நோர்வே மொழியும் அரைகுறை என்பதால் நடுவில் நின்று நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தப் புக்கை, கிழவர் தன் இறந்துபோன நண்பர்களுக்காகக் கொடுப்பதாம். அயல்வீட்டார் தட்டோடு வாங்கிக்கொண்டால் அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தட்டுத் திரும்பி வரக்கூடாது. இவருக்கோ தட்டுகள், முன்பின் கண்டிராத பண்டங்களுடன் வாசலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இறந்தவர்கள் கோபித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மனிதர் நித்திரையின்றிக் கிடந்திருக்கிறார். "ஐயோ, இவ்வளவு நாளும் பிள்ளை செத்தவீட்டுச் சாப்பாட்டையே திண்டது!" என்று அம்மா தலையில் கைவைத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று எங்களை உள்ளே கூப்பிட்டார். அறையில் ஒன்றோடொன்று சேராத கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கோப்பைத் தேநீர், ஆவி பறக்க. புக்கரெஸ்டில் வாலிபத்தில் அவர்கள் எழுதுகிற நண்பர்களாகச் சனிக்கிழமை தோறும் கூடுவார்களாம். ஒருவர் கதை வாசிக்க மற்றவர்கள் குற்றங்குறை சொல்வார்கள்; எல்லோரும் சொல்லி முடியும்வரை வாசித்தவர் வாய் திறக்கக்கூடாது. நண்பர்கள் ஊர் ஊராகச் சிதறி, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வட்டம் மட்டும் இங்கே கூடிக்கொண்டிருந்தது.

எங்களை ஓரத்தில் இருத்திவிட்டு, பாதியில் விட்ட கதையை வாசித்து முடித்தார். பிறகு ஒரு கதிரையைப் பார்த்துக் காத்திருந்தார். தலையாட்டினார். அடுத்த கதிரைக்குத் திரும்பினார். மூன்றாவது கதிரைக்கு அவர் முகம் கறுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதிரை, யாரோ சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் பின்னுக்குச் சாய்ந்ததுபோல, கிறீச்சிட்டது. அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

வெளியே வரும்போதுதான் கதவடியில் இன்னொரு கதிரையைக் கண்டோம். அதன் முன்னால் தேநீர் இல்லை. அது ஆருடைய கதிரை என்று கேட்கச் சொன்னார் அம்மா. கதைகளை ரகசியமாகத் தட்டச்சுச் செய்து பரப்பிய நண்பருடையதாம். அந்த நாளில் தட்டச்சு யந்திரம் வைத்திருந்தாலே பொலிசில் பதியவேண்டுமாம். ஒரு பனிக்காலத்தில் பொலிசார் அவரைக் கொண்டுபோனார்கள், பிறகு தகவல் இல்லை.

"இறந்தவர்கள் வந்து உட்காருகிறார்கள்," என்றார் கிழவர். "அவர் இறந்துவிட்டார் என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் உள்ளே வரவும் முடியாமல், போகவும் முடியாமல் வாசலில் நிற்கிறார்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா அந்தக் கதிரையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "அவருக்குப் பசிக்குமோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். "மிகவும்" என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் விளக்கு எரிந்தால் அம்மா ஓடிவரவில்லை. கையில் அகப்பையோடு நின்ற இடத்திலேயே நின்று, எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு விளக்கைவிட அம்மாவைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

தைமாதச் சனிக்கிழமை ஒன்றில் கிழவர் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, தட்டோடு வந்து நின்றார். இதுவரை சொல்லாத ஒரு பெயரைச் சொன்னார். "உள்ளே கூப்பிட்டுவிட்டேன். நிற்க வைத்திருந்தது அவரைக் கொண்டுபோனவர்களில்லை, நான்தான்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாகக் கதையின் கடைசிப் பந்தி சரியில்லை என்று அந்த நண்பர் சொல்லிவிட்டதாகக் குறைப்பட்டார். அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

மறுநாள் காலை அம்மா தலைமுழுகியிருந்தார். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமே இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று ஒரே வாசம். டிவிக்குப் பக்கத்தில் இருந்த மாமாவின் படம் சாமித்தட்டுக்குக் கீழே வந்திருந்தது, முன்னால் குத்துவிளக்கு. மேசையடியில் ஒரு கதிரையை இழுத்துவிட்டு, அதன் முன்னால் எல்லாம் படைத்திருந்தார். நான் அதில் ஏறப்போக, "அதிலை இராதை" என்றார் அப்பா.

எங்கள் புது எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அம்மா என்னைக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நடையின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லை. அம்மா அந்த வெறுமையைப் பார்த்து, "வா ராசா. நிண்டது போதும். வந்து இரு" என்றார். சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் ஒதுங்கியதால் நானும் ஒதுங்கினேன். என் காலடியால் குளிர் உள்ளே போனது.

எதிர்க்கதவைத் தட்டி, மாமாவின் பெயரைச் சொல்லி, தட்டைக் கொடுத்தார். கிழவர் இரண்டு கையாலும் அதை வாங்கி, அந்தப் பெயரைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார்.

திரும்பிவந்து சாப்பிட இருந்தோம். பாயசம், விளக்கு, படம் எல்லாவற்றையும் பார்த்த எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கு மாமாவின் பிறந்தநாள்! எழுந்து படத்துக்கு முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நோர்வேப் பிறந்தநாள் பாட்டை, குனிந்து, நிமிர்ந்து, ஒருதரம் சுற்றி, முழுதாகப் பாடினேன். அப்பா என்னைப் பிடிக்க எழும்பினார். அம்மா அவர் கையைப் பிடித்து இருத்தினார். மாமா எங்கள் வீட்டில் செத்துப்போனது அன்றைக்குத்தான் என்பது எனக்கு விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மாவைக் கைதட்டச் சொன்னேன். அம்மா தட்டினார்.