சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சூரியகாந்தி

மற்றவர்களுக்குக் கண் தெரியவைப்பது என் தொழில். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே இடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான வட்டப் பிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டிலும் அந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிடும். ஒருமுறை என் கணவரிடம் இரண்டு திரைச்சீலைத் துணிகளைக் காட்டி அப்படியே கேட்டுவிட்டேன். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அதற்குமேல் மொட்டைமாடி. காலையில் துணி காயப்போட நான் மேலே போகிற நேரத்தில் அங்கே இரண்டு பேர் தவறாமல் இருப்பார்கள். ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுவதற்கும் அவர் டிரைவர் சார். பழைய டயர்களில் மண் நிரப்பித் தக்காளியும் கீரையும் வளர்ப்பவர். இன்னொருவர் கீழ்த்தளத்தில் மிஷின் போட்டுத் துணி தைக்கும் தையல் அக்கா. அவருடையவை ரோஜாத் தொட்டிகள். இருவரும் பேசுவதெல்லாம் வானத்தையும் மண்ணையும் பற்றித்தான்.

"நேத்து காத்தப் பாத்தீங்களா சார்? என் மொட்டு ரெண்டு போச்சு."

"அது என்னம்மா காத்து? ஹாரன் அடிக்காம ஓவர்டேக் பண்ற லாரி மாதிரி. தக்காளிக் குச்சியெல்லாம் சாஞ்சுடுச்சு. இன்னிக்கு மழை வரும் பாருங்க, முழங்கால் சொல்லுது."

"உங்க முழங்கால நம்பித்தான் நேத்து நான் தண்ணி ஊத்தாம விட்டேன்."

ஈரத் துணியைப் பிழிந்தபடி நானும் நடுவில் மூக்கை நுழைப்பேன். "ஆமாமா, புழுக்கமாத்தான் இருக்கு" என்பேன். இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்வார்கள். செடி வைக்காதவளின் வானிலைக் கருத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று புரிந்தது. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறியவள் மாதிரி ஓர் ஓரமாக நின்றேன். அந்த அரட்டையில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே செடி வளர்க்க ஆரம்பித்தேன். பூவின்மேல் ஆசை, மன அமைதி என்றெல்லாம் பிற்பாடு நான் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

முதலில் புதினா. செத்தது. பிறகு தையல் அக்கா கொடுத்த ரோஜாக் குச்சி. வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்ததில் அதுவும் போனது. அதற்குப் பிறகு கள்ளிச்செடி வாங்கினேன். பாலைவனத்திலேயே பிழைக்கிற ஜீவன், என்னிடம் பிழைக்காதா என்ற நம்பிக்கை. பாவம், தண்ணீர் இல்லாமல் வாழத் தெரிந்த அதற்கு நீந்தத் தெரியவில்லை.

"கண்ணாடிம்மா, உங்க வீட்டுல மனுஷங்க எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று டிரைவர் சார் விசாரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் வேறு ஊரில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பொட்டலம் அனுப்பினாள். பெரிய ஜாதி சூரியகாந்தி விதை.

"அண்ணி, பூ ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அளவு வரும். சும்மா மண்ணுல போட்டா போதும், யார் போட்டாலும் வரும்" என்று போனில் சொன்னாள்.

'யார் போட்டாலும்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பெரிய வாளி நிறைய மண் கொட்டி, அணில் கிளறக் கூடாது, எறும்பு இழுக்கக் கூடாது என்று விதைகளை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். அது விதைப்பு இல்லை, நல்லடக்கம் என்பது அப்போது தெரியவில்லை.

ஆனால் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் வாளியில் ஒரு முளை நின்றுகொண்டிருந்தது! நான் போட்ட கூச்சலில் தையல் அக்கா கையில் கத்தரிக்கோலோடு மாடியேறி ஓடிவந்தார். ஒரு வாரத்தில் இலைகள் விரிந்தன. ஓரமெல்லாம் பல்லுப்பல்லாக இருந்தது. டிரைவர் சார் குனிந்து பார்த்தார்.

"சூரியகாந்தி இலை நல்லா அகலமா இருக்குமேம்மா. இது என்ன, ரம்பம் மாதிரி இருக்கு?"

"சின்ன வயசுல அப்படித்தான் சார் இருக்கும். வளர வளர மாறிடும்."

எங்கிருந்து அந்த ஞானம் வந்தது என்று எனக்கே தெரியாது. அதோடு விட்டேனா? குழந்தைக்குப் பால்பல் விழுந்து வேறு பல் முளைப்பதில்லையா என்று ஆரம்பித்து, கொடியில் துணி காயும்வரை விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் அந்தச் செடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என் வாதத்தில் மனிதர் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

செடி என்னமாய் வளர்ந்தது! இடுப்பளவு வந்ததும் தையல் அக்காவிடம் மிச்சத் துணி வாங்கிக் கிழித்துக் குச்சியோடு கட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். பக்கத்தில் தலைகாட்டிய புல்லையெல்லாம் 'களை, களை' என்று திட்டிப் பிடுங்கி எறிந்தேன். காலை அரட்டையில் எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. "இந்த வெயில் என் சூரியகாந்திக்கு ரொம்ப நல்லது" என்று நான் சொன்னால் இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் தையல் அக்கா மட்டும் ஏனோ அவசரமாக ரோஜாப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் பேய்க்காற்று. கடையிலிருந்தே கணவருக்குப் போன் போட்டேன். அவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"செடிய உடனே கீழ கொண்டு வாங்க!"

"துணி காயுதே, அத எடுக்க வேணாமா?"

"துணி கிடக்கட்டும். முதல்ல செடி!"

நான் வீட்டுக்கு வந்தபோது செடி குளியலறையில் கம்பீரமாக நின்றது. அவருடைய சட்டை ஒன்று அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் கிடந்தது. மறுநாள் அவர் செடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளித்ததாகச் சொன்னார்.

ஒருவழியாக உச்சியில் மொட்டுகள் கொத்தாக வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாரைப் போனில் கூப்பிட்டு, விடுமுறைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவே போட்டேன். அவளும் ராத்திரி பஸ் பிடித்து வந்தாள். விடிந்ததும் எல்லாரையும் மாடிக்குத் திரட்டினேன். பிளாஸ்கில் டீ, நாத்தனாருக்கு நாற்காலி. பூ மலர்ந்திருந்தது. நல்ல மஞ்சள். ஒரு சட்டைப் பொத்தான் அளவு இருக்கும்.

நாத்தனார் செடிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "சூரியகாந்தி எங்க அண்ணி?" என்றாள்.

நான் விரலை நீட்டினேன். அவள் ஓர் இலையைக் கிள்ளினாள், பால் வடிந்தது.

"ஐயோ அண்ணி, இது களை. எங்க வீட்டுச் சாக்கடையோரம் மண்டிக் கிடக்கும். நீங்க இதுக்கா குச்சியெல்லாம் கட்டி…" மேலே பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

நான் டிரைவர் சாரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"மூணாவது இலையிலயே தெரியும்மா."

"அக்கா, உங்களுக்கு?"

"சார் சொன்னாரு. ஆனா நீங்க அந்தப் பால்பல்லு விளக்கம் குடுத்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் சொல்ல மனசே வரல."

கணவரைக் கேட்கவே தேவையில்லை. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "மழை வர்ற மாதிரி இருக்குல்ல?" என்றார். பேருக்கு ஒரு மேகம்கூட இல்லை.

நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து மாடிப் பக்கமே போகவில்லை. துணியைக் குளியலறைக் கம்பியிலேயே காயப்போட்டேன். வீடு முழுக்க ஈரவாடை அடித்தது. கடையில் ஒருவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதாங்க எல்லாம் பளிச்சுனு தெரியுது" என்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று ஆத்திரம்தான். அதற்கும் மேலே போக வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தையல் அக்கா கதவைத் தட்டினார். "கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் கண்ணாடிம்மா. ஒரு எட்டு மேல வந்துட்டுப் போங்க."

போனேன். என் செடியின் பூக்களெல்லாம் முற்றிப் பஞ்சாக வெடித்துக் காற்றில் பறந்திருந்தன. ரோஜாத் தொட்டி ஒவ்வொன்றிலும், டயர் ஒவ்வொன்றிலும் அதன் குஞ்சுகள் பச்சைப் பாய் விரித்ததுபோல் முளைத்துக் கிடந்தன. டிரைவர் சார் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.

"கீரை விதைச்சிருந்தேன்மா. எது கீரை, எது இதுன்னே புரியல" என்றார்.

அன்று வந்த வெட்கம் வேறு மாதிரி. அது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரவிடாது. சட்டென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முளையைப் பிடுங்கினேன்.

"அது கீரைம்மா."

இன்னொன்றைப் பிடுங்கினேன்.

"அதுவும் கீரைதான்." பெருமூச்சு விட்டார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க, ரோஜாத் தொட்டிக்குப் போங்க. அங்க முள்ளு இல்லாததெல்லாம் களை."

என் வாளிச் செடியில் தொடங்கி, கடைக்குப் போகும்வரை முள் இல்லாததையெல்லாம் பிடுங்கினேன். மறுநாளும் போனேன். பிடுங்கப் பிடுங்க முளைத்துக்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். கடையில் லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு முளையையும் குனிந்து பார்த்தேன். கீரைக்கு முதலிலை இப்படி, தக்காளிக்கு அப்படி என்று மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது. இருவரும் நின்றபடி வழக்கம்போல் முழங்கால் மழையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். நான் கீழே டயர்களுக்கு நடுவிலிருந்து, "மண்ணுலயே ஈரம் இருக்கு சார், இன்னிக்குத் தண்ணி வேணாம்" என்பேன். ஒருநாள் டிரைவர் சார் தூக்கிய பூவாளியைத் திரும்பக் கீழே வைத்தார். நான் சொன்னதற்காக! என் பெயரில் ஒரு செடிகூட இல்லாத நேரத்தில் அது நடந்தது.

நாத்தனார் இந்த முறை பீன்ஸ் விதை அனுப்பினாள். விரல்கணு ஆழத்துக்குமேல் போகக் கூடாது என்று அண்ணனிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் அளவுகோலோடு வந்து பக்கத்தில் நின்றார். பீன்ஸே முளைத்தது, பீன்ஸே காய்த்தது.

"இப்பவே பறிச்சுடுங்கம்மா, பிஞ்சா இருக்கு" என்றார் டிரைவர் சார்.

"இன்னும் கொஞ்சம் நீளட்டும் சார்" என்றேன். முதல் காய்ப்பு, பறிக்க மனது வரவில்லை. நீளட்டும் நீளட்டும் என்று ஆசைதீரப் பார்த்துவிட்டுப் பறித்து, எல்லா வீட்டுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தேன். எங்கள் பங்கை வதக்கி வைத்தேன். கணவர் வெகுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார். "இன்னும் வாயிலதான் இருக்கு."

மறுநாள் காலையில் தையல் அக்கா, பீன்ஸிலிருந்து உருவிய நாரைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகவும் சாக்கு தைக்க உதவும் என்றும் சொன்னார். டிரைவர் சார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பல் டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்டார். வழி சொன்னேன். பிறகு அவர் கீரைப் பக்கமும் நான் ரோஜாப் பக்கமுமாக உட்கார்ந்தோம். டயரில் சூடு ஏறுவதற்குள் அன்றைய களையை எடுத்து முடிக்க வேண்டியிருந்தது.