எட்டு மணிச் சேவல்

விழுப்புரத்தில் ஒரு வாடகை மாடியில் இருக்கிறது எங்கள் சங்கம். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களே சேர்ந்து நடத்துகிற சங்கம். நானும் அப்படி ஒருத்திதான். புதிதாக வருகிறவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவதும், மாத்திரையை நிறுத்தியவர்களை வீடு தேடிப் போய்த் திட்டுவதும் என் வேலை. திட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. "அக்கா வாயில விழறதுக்கு மாத்திரையவே முழுங்கிட்டுப் போயிடலாம்" என்பார்கள்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். எங்கள் பெண்களில் பாதிப் பேர் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் கிடப்பார்கள், சமையல்கட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். போனில் அலாரம் வைத்துக் கொடுத்தது நான்தான். சாதாரண மணிச் சத்தம் வைத்தால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று காதில் வைத்துக்கொண்டு 'அலோ அலோ' என்று கத்துகிறார்கள். பார்த்தேன், எல்லாருக்கும் சேவல் கூவுகிற சத்தத்தை வைத்துவிட்டேன். ராத்திரியில் சேவல் கூவினால் எவளுக்கு மறக்கும்? வீட்டில் கேட்டால், 'புள்ளைங்க எதையோ அமுக்கிடுச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சங்கத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வெளியில் ஒருவரையொருவர் பார்த்தால், பார்க்காத மாதிரி போய்விட வேண்டும். 'அவங்க யாரு, உனக்கு எப்படிப் பழக்கம்?' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் என்ன பதில் சொல்வது? அடுத்தது, இன்னொருத்தர் விஷயம் நம் வாயிலிருந்து வரவே கூடாது. பெற்ற தாயே கேட்டாலும் சரி.

வளவனூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள் ஒருத்தி. கூலி வேலை செய்கிறவள். இந்த நோயில் புருஷனை இழந்து, தனியாளாக ஒரே மகளை வளர்த்தாள். மகளுக்கு நோய் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் நல்ல தைரியசாலி, அம்மாவின் சங்கதியை மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பையன், "அதனால இன்னா? எங்கம்மாகிட்ட மட்டும் நானே நேரம் பார்த்துச் சொல்றேன்" என்றானாம். அந்த நேரம் வரவே இல்லை. அவன் அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர், மார்க்கெட்டில் ஆண்களே அவரிடம் வாய் கொடுக்கப் பயப்படுவார்கள் என்று கேள்வி.

கல்யாணப் பத்திரிகையும் குங்குமச் சிமிழுமாகச் சங்கத்துக்கு வந்து நின்றாள் பெண்ணின் அம்மா.

"நீங்கல்லாம் வரணும்க்கா. எங்க சொந்தத்துல ஒருத்தனும் வர மாட்டான். எனக்குப் பொறந்த வீடே நீங்கதான்."

"உனக்குப் பைத்தியமா? பூனையை மடியில கட்டிக்கினு எவளாவது சகுனம் பார்ப்பாளா? எங்கள்ல ஒருத்திய அங்க எவனுக்காவது தெரிஞ்சிருந்தா, உன் பொண்ணு கழுத்துல தாலி ஏறுமா?" என்று கத்தினேன்.

அவள் அழுதாள். அழுகிறவளை அதட்டுகிற சாமர்த்தியம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை. மகளிர் குழுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு ஐந்து பேர் போவது, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவது என்று முடிவானது.

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலையில் தாலி. நாங்கள் போட்ட கணக்கெல்லாம் மண்டபத்தில் தப்பிப்போனது. மாப்பிள்ளை அழைப்பு தாமதம், பந்தியும் தாமதம். பெண்ணின் அம்மா எங்களை விடவே இல்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து மேடைக்கு எதிரில் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை, எனக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை. நேரத்தை மறந்துவிட்டோம். சங்கக் கூட்டமெல்லாம் பகலில்தான் நடக்கும். எட்டு மணிக்கு நாங்கள் ஒரே இடத்தில் இருந்ததே கிடையாது.

மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மேடையில் இரு வீட்டு அம்மாக்களையும் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் மடியில் சேவல் கூவியது. அது முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஐந்து சேவல்களும் விட்டேனா பார் என்று கூவின. ஆறாவது சேவல் மேடையில் கூவியது, பெண்ணின் அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா, அதுக்குள்ள பொழுது விடிஞ்சிருச்சா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "சம்மந்தியம்மாகிட்டயும் அதே சேவலு!" என்றார் இன்னொருவர்.

என் வாய் தானாகப் பேசியது. "சீரியலுங்க! எட்டு மணி சீரியல் மறந்துடக் கூடாதுன்னு குழுவுல எல்லாரும் வச்சிக்கினு இருக்கோம்."

கொல்லென்று சிரித்தார்கள். அலாரத்தை அமுக்கிவிட்டு உட்கார்ந்தோம். பையிலிருந்த மாத்திரையை ஒருத்தியும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டால் குடிமுழுகிவிடாது. ஆனால் நாலு பேருக்குப் பயந்து ஒருநாள் விட்டவர்கள், மறுநாளும் விட்டு, அப்படியே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் பெண்ணின் அம்மா சுருக்குப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். கையில் தண்ணீர் பாட்டில்.

"எந்த சீரியலு?" என்றார் மெதுவாக.

எனக்குச் சீரியல் பார்க்கிற பழக்கமே இல்லை. "அதாங்க... மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கினு..."

"எல்லாத்துலயும் அதானேம்மா வருது." என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் தம்பி போன்லயும் தெனம் ராத்திரி இதே நேரத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு அடிக்கும். அடிச்சதும் மாடிக்கு ஓடுவான். வீட்டுக்கு யாராவது வந்திருந்தா ஓட மாட்டான், அமுக்கிட்டு உங்கள மாதிரியே தலையக் குனிஞ்சுக்கினு உக்காந்திருப்பான். அப்பறம் மாத்திரை போடறதையே விட்டுட்டான். அவன் போனப்பறம்தான் இன்னா நோவுன்னே எங்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தா நான் ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்திருக்க மாட்டேனா?"

அவர் எழுந்து மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பட்டுப்புடவை முந்தானையை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்தார். "ஜல்தி போட்டுக்குங்க. நான் மறைச்சிக்கினு நிக்கறேன்."

பாட்டில் கைமாறிக் கைமாறி ஐந்து பேரும் போட்டுக்கொண்டோம். ஊரையே திட்டுகிற நான் தேம்பித் தேம்பி அழுதேன். தண்ணீர் புரையேறியது.

முந்தானையை இறக்கிவிட்டு அவர் கேட்டார். "சம்மந்தியம்மாவுக்கும் இதானா?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். "இன்னொருத்தர் விஷயம் எங்க வாயால வராதுங்க. அடிச்சிக் கேட்டாலும் வராது" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகனும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான், கல்லாக நின்றுகொண்டு. போச்சு, எல்லாம் போச்சு, அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வர வேணாம்" என்றார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேடை ஏறினார். பெண்ணின் அம்மா கையில் அதைக் கொடுத்து, காதில் என்னவோ சொன்னார். பிறகு அவளுக்கு முன்னால் வந்து, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை விரித்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்கம்மா! முதுகுதான் விழுது" என்று கத்தினான் போட்டோக்காரன்.

"முதுகையே எடுப்பா" என்றார் அவர், திரும்பாமல்.