பதினாறு நிமிடம் பின்னால்

தேன்மொழியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவள் என்ன செய்தாள் பாவம்! சுற்றி இருந்த எங்களைச் சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

ரேணிகுண்டாவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கம்ப்யூட்டர் கூடத்தில் எனக்கு ஜெனரேட்டரும் ஏசியும் பார்க்கிற வேலை. நோயாளிகளின் விவரமெல்லாம் பதிந்து வைக்கிற, குழுமத்தின் பெரிய மெயின்ஃபிரேம் இயந்திரம் சித்தூரில் இருக்கிறது. அதன் ஜோடி எங்களிடம். சித்தூரில் தீயோ வெள்ளமோ வந்து அது நின்றுபோனால், எங்களுடையது இரண்டே நிமிடத்தில், மனிதர் கை படாமல், வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். எந்தப் பதிவு முந்தியது, எது பிந்தியது என்று இயந்திரம் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் தொடாமல் அப்படியே நின்றுவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் தேன்மொழி. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவள் அவள்தான். நகரிக்காரி. அவள் நைனா, அதாவது அப்பா, வீராசாமி பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்ததால், காதோடு சொல்ல வேண்டியதைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். சித்தூரில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, சென்னையில் நான்கு வருஷம் இதே மாதிரி இயந்திரத்தில் வேலை பார்த்தாள். மகள் ஹர்ஷினி பள்ளிக்கூடம் போகும் வயதானதும் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். காலை ரயிலில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து இறங்குவாள். "இன்னாண்ணா, துன்னியா?" என்று என்னைக் கேட்காமல் உள்ளே போகமாட்டாள்.

எங்கள் கூடத்தைத் திறந்தது ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பதரை முதல் பத்தரை வரை முகூர்த்தம், பத்தரைக்கு ராகுகாலம். முதலாளி வர வேண்டிய விமானம் தாமதம். ஏர்போர்ட்டிலிருந்து அவர் கார் உள்ளே நுழைகிறபோது மணி பத்து முப்பத்தெட்டு ஆகப் போகிறது. ஐயர் வாட்சைப் பார்க்கிறார், மேனேஜர் சந்திரசேகர் வேர்த்து ஊற்றி நிற்கிறார். இயந்திரம் எழுதுகிற முதல் பதிவை அச்செடுத்து, சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போவதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அதில் ராகுகால நேரம் விழுந்தால் மேனேஜர் கதி என்ன?

"ஏம்மா தேன்மொழி, கடிகாரத்த ஒரு பதினாறு நிமிஷம் பின்னால தள்ளு. மொதல் பதிவு பத்து இருபத்திரண்டுன்னு வரணும்."

"சார், அது இன்னா செவுத்துக் கடிகாரமா? சித்தூர் மிஷினோட சேத்துக் கட்டியிருக்கு. பிரிச்சிட்டா மறுபடி சேக்கறதுக்கு ஒரு மணி நேரம் எல்லாத்தையும் நிறுத்தணும் சார்."

"பர்வாலேதம்மா, பூஜை முடிஞ்சதும் சரி பண்ணிக்கலாம். முதலாளி வந்துக்கினு இருக்காரு. இப்ப வாதம் பண்ணாத."

அவள் குரலும் கேட்டது, அவர் குரலும் கேட்டது. அங்கே நின்றிருந்த எங்கள் பதினோரு பேர் காதிலும் விழுந்தது. நான் கதவருகே, கற்பூரத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது, புகை மணி அடித்துவிடும் என்று ஐயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தேன்மொழி எங்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் இயந்திரத்தில் தட்டி நேரத்தை மாற்றினாள். தேங்காய் உடைந்தது. இந்த நிமிஷத்திலிருந்து இது நிற்கவே நிற்காது என்று முதலாளி பேசினார். எல்லோரும் கைதட்டினோம், லட்டு வாங்கிக்கொண்டோம்.

பூஜை முடிந்தது. சரி பண்ணலாமா என்று அவள் போய்க் கேட்டாள். ஆரம்பித்த அன்றே நிறுத்துவது அபசகுனம் என்றார் மேனேஜர். திங்கட்கிழமை கேட்டாள். அமாவாசை கழியட்டும் என்றார். அமாவாசை கழிந்தது, அஷ்டமி வந்தது. நேரம் பிசகியிருக்கிறது என்று திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கவும், வருகிறவர் போகிறவர் பார்த்தால் அசிங்கம் என்று அதையும் அணைக்கச் சொன்னார். நோயாளி உயிரைக் காக்கிற இயந்திரத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்த மகானுபாவர்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அன்று நான் ஏன் கடிக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்குச் சித்தூர் மழையில் மின்சார அறைக்குள் தண்ணீர் புகுந்தது. பெரிய இயந்திரம் நின்றது. எங்களுடையது எடுத்துக்கொள்ள வேண்டும். அது நேரத்தைப் பார்த்தது, ஒத்துவரவில்லை, சிலை மாதிரி நின்றது. தேன்மொழி தண்ணீர்கூடக் குடிக்காமல், பதிவுகளைச் சரிபார்த்துச் சரிபார்த்து, கையாலேயே அதை ஓட வைத்தாள். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

அந்த ஐம்பது நிமிடத்தில் குழுமத்தின் எந்த மருத்துவமனையிலும் நோயாளி விவரம் திறக்கவில்லை. புத்தலப்பட்டிலிருந்து காய்ச்சலோடு வந்த செங்கம்மா என்கிற அம்மாவுக்கு ஓர் ஊசி போட்டார்கள். அந்த மருந்து அவருக்கு ஆகாது என்று போன வருஷமே பதிவாகியிருந்தது. பதிவு திறந்திருந்தால்தானே? மூச்சுத் திணறி, நான்கு நாள் குழாய் வைத்துப் படுத்துக் கிடந்தார். பிழைத்தார். களை எடுக்கப் போகிற அந்த அம்மாவுக்கும் எங்கள் முகூர்த்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டுமே! நேரத்தை மாற்றியது யார் என்று இயந்திரத்தைக் கேட்டார்கள். அதற்குத் தெரிந்தது ஒரே பெயர். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை எங்கள் ஊரில் ஒன்றும் புதிதல்ல. 'என் கவனக்குறைவால் கடிகாரத்தை மாற்றிவிட்டேன்' என்று ஒரு கடிதத்தைத் தயார் செய்து வைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனால் அதோடு விடுவார்கள். இல்லையென்றால் போலீஸ். கையெழுத்துப் போட்டால் அப்புறம் எந்த ஊரிலும் எந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் அவளை விடமாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

திருப்பதி தலைமை அலுவலகத்தில் விசாரணை. நடத்தியவர் தேவசேனா மேடம், குழுமத்தின் பெரிய அதிகாரி. எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். சந்திரசேகர் புதுச் சட்டையில் வந்திருந்தார்.

"நேனு செப்பலேது மேடம், நான் சொல்லவே இல்ல. டைம மாத்துன்னு எவனாச்சும் சொல்லுவானா? அந்தப் பொண்ணுக்குத் தெரியாம கை பட்டிருக்கும்."

கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

தேன்மொழி எழுந்து நின்றாள். "மாத்தினது நான்தான் மேடம். இல்லன்னு சொல்லல. சொன்னது யாருன்னு இங்க குந்திக்கினு இருக்கற எல்லாருக்கும் தெரியும். கேளுங்க."

மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் பிரசாதம் வாங்க வெளியே போயிருந்தாராம். ஒருவருக்கு அந்த நேரத்தில் போன் வந்ததாம். என் முறை வந்தது.

"மோகன்ராஜண்ணா, நீ கதவாண்டதான நின்னுக்கினு இருந்த? சொல்லுண்ணா" என்றாள் தேன்மொழி.

என் வேலை கான்ட்ராக்ட். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கிறவர் சந்திரசேகர். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. என் நாக்கு புரண்டதற்குக் காரணம் அதுதான்.

"ஏசி சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல மேடம்" என்றேன்.

என் வாயில் கொழுக்கட்டை இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம். வாயைத் திறந்து பொய் சொன்னேன். தூ! எனக்குப் பிறகு உட்கார்ந்திருந்தவர்களும் ஏசி சத்தம் என்றே சொன்னார்கள். நல்ல வழி காட்டியிருந்தேன் அல்லவா?

கடிதத்தையும் பேனாவையும் மேடம் அவள் பக்கம் நகர்த்தினார். தேன்மொழி பேனாவைத் தொடவில்லை. பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவிட்டு, நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஷிப்ட் நோட்டு. எல்லாவற்றையும் இயந்திரமே எழுதிக்கொள்கிற காலத்திலும் எங்கள் கூடத்தில் அந்தப் பழைய வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிகிறபோது நடந்ததை எழுத வேண்டும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரும் படிப்பதில்லை. சந்திரசேகர் போனில் பேசிக்கொண்டே கிறுக்கிவிட்டுப் போவார்.

மேடம் பக்கம் பக்கமாகத் திருப்பினார். முதல் நாள்: 'மேனேஜர் சார் சொன்னபடி நேரம் 16 நிமிடம் பின்னால் வைக்கப்பட்டது. சரிசெய்ய அனுமதி கேட்டேன், தரவில்லை.' அப்புறம் அவள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும்: 'நேரம் 16 நிமிடம் பின்னால். கேட்டேன். தரவில்லை.' மொத்தம் பதினைந்து நாள். ஒவ்வொன்றின் கீழேயும் சந்திரசேகரின் கையெழுத்து, தேதியோடு.

சந்திரசேகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மேடம் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு தேன்மொழியைப் பார்த்துக் கேட்டார்.

"இத மொதல்லயே காட்டியிருந்தா இவ்ளோ நேரம் நிக்க வேண்டியதே இல்லையேம்மா. ஏன் காட்டல?"

தேன்மொழி எங்கள் வரிசையைப் பார்த்தாள்.

"ஒருத்தர் வாயத் தொறந்தா போதும், நோட்டு பையிலயே இருக்கட்டும்னு நெனச்சேன் மேடம்."