ஆறு மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள்

லேசர் லேபில் வேலை என்றால் ஊரே பொறாமைப்படும், லேசருக்காக அல்ல, ஏசிக்காக. திருச்சி வெயிலில் குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கதவுச் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிக்கும் சக பாவப்பட்ட ஜென்மங்களே, என் கதையையும் கேளுங்கள். ஆறு வருஷமாக இழுக்கும் என் பிஎச்.டி.க்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரீடிங். அதற்கு ஆறு மணி நேரம் அறையின் குளிர் மாறவே கூடாது. மாறினால் ஒளி நகர்ந்துவிடும்.

பிளக் பாயிண்ட்

பொன்மலையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வயரிங் பார்க்க வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மறுபடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் துளி நேரத்தில் மூன்றே மூன்று துளிதான் ஒவ்வொரு தடவையும் இந்த லேசர் ஒளி அடிக்கும், ஆனால் அந்த நேரத்துக்கு இதன் பவர் இந்தியா முழுக்க ஓடும் கரண்ட்டை விட அதிகம் என்றேன். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தியாவுக்கே கரண்ட்டுங்கறீங்க, ஏசி பிளக்குல சொருகி வச்சிருக்கீங்க?"

பொட்டு

அட்டெண்டர் அந்தோணிசாமி அண்ணனுக்கு மாதா கோயிலில் எவ்வளவு பக்தியோ, ஆயுத பூஜையிலும் அவ்வளவு. லீவு முடிந்து வந்து லேசர் பெட்டியைத் திறந்தால், லேசர் கண்ணாடிகள் மூன்றிலும் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தூசி பட்டாலே பொசுங்கும் கண்ணாடிகள் அவை. புதுசு வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம். யூனிவர்சிட்டி பெரிய மனசு பண்ணி தீசிஸ் கொடுக்கச் சித்திரைக் கடைசி வரை கெடு கொடுத்தது, இனிமேல் கிடையாது என்ற குறிப்போடு. நான் அழுதே விட்டேன். அண்ணனுக்கும் முகம் செத்துவிட்டது.

"எல்லா மெஷினுக்கும் வச்சேன். இதை மட்டும் விட்டா மனசு கேக்குமாம்மா?"

ஆபத்து

கண்ணாடி வந்தது, கூடவே சித்திரை வெயிலும் வந்தது. ஆபீஸ் அக்காக்கள் புளிசாத டப்பாவோடு வந்தார்கள். துறையூரிலிருந்து மகனுக்கு அட்மிஷன் கேட்க வந்தவர், லேசர் மேஜை ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்தே விட்டார். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் என் ஒளி நகர்ந்தது, ரீடிங் போனது. மண்டை ஓடு படம் போட்டு 'ஆபத்து' என்று போர்டு மாட்டினேன். மறுநாளே தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் உள்ளே வந்தார். போர்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பார்த்தேம்மா. ஆனா உள்ள ஜில்லுன்னு இருக்கும்னு சொன்னாங்களே."

காவல்

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்தோணிசாமி அண்ணன் தானாகவே ஒரு நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். பிரின்சிபாலைத் திருப்பி அனுப்பினார். என் கைடையும் திருப்பி அனுப்பினார். ஆறு மணி நேரம் கதவு அசையவில்லை, ரீடிங் கிடைத்தது! வெளியே ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் என்றார்: ஆறு வருஷத்தில் இந்த லைட்டு மொத்தமாக எவ்வளவு நேரம் எரிந்திருக்கும்? கணக்குப் போட்டேன். எப்படிக் கூட்டினாலும் ஒரு கண் சிமிட்டும் நேரம் தேறவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் மெதுவாக எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கா நான் ஆறு மணி நேரம் ஒண்ணுக்குக்கூட போகாம உக்காந்திருந்தேன்?"

கண் சிமிட்டும் நேரம்கூட எரியாத ஒரு விளக்குக்கு ஆறு வருஷம் கதவு சாத்தியவளைத்தான், இப்போது எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள்.