நின்று போனவர்களின் முறுக்கு

1. இன்டர்வியூ

ஸ்ரீரங்கத்தில் கல்யாணத்துக்குச் சீர் பட்சணம் செய்து கொடுக்கும் ஒரு வீட்டில் நானும் அம்மாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் எட்டாவதோடு நின்றவள். சர்டிபிகேட் கேட்பார்களோ என்று பயந்துகொண்டேதான் மண்ணச்சநல்லூரில் பஸ் ஏறினேன். முதலாளி மாமி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டார்.

“கை முறுக்கு சுத்த வருமா?”

“வரும் மாமி.”

“நின்னுடுத்தா?”

அம்மா யோசிக்கவே இல்லை. “நின்னு ரொம்ப நாளாச்சுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் அம்மாவின் துணியை அலசிக் காயப்போட்டேன்.

அந்த வீட்டில் அதுதான் டிகிரி. மாதவிடாய் நின்ற பொம்பளைக்கு உள்ளே, மடி அடுப்பங்கரையில், வருஷம் முழுக்க வேலை. நிற்காதவளுக்கு வெளி ரூமில் பேக்கிங். அதுவும் முகூர்த்த மாசத்தில் மட்டும். அந்த மூணு நாள், ‘தூரம்’ என்றால், வரவே கூடாது. என் டிகிரிக்கு பேக்கிங் கிடைத்தது.

2. உள்ளே

உள்ளே நாலு பேர். எல்லோரும் நின்றவர்கள். மல்லிகா அக்கா ஒருத்தரைத் தவிர எல்லோர் பையிலும் பேட் இருந்தது.

அந்த வயதில் அது சுவிட்சை அணைத்தமாதிரி நிற்காது. ரெண்டு மாசம் காணாமல் போகும், அப்புறம் ஒரே மாசத்தில் ரெண்டு தடவை வரும். திடீரென்று உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும், ஒன்றுமில்லாததுக்கு அழுகை வரும். உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருகிற கூத்து என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். மாமிக்கும் அதே வயதுதான். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நிற்பார்.

“என்ன மாமி தேடறீங்க?”

“தயிர் இருக்கான்னு பாக்கறேன்.”

“தயிர் உங்க கையிலதான் இருக்கு மாமி,” என்றார் மல்லிகா அக்கா.

அம்மாவுக்கோ நாளாக நாளாக ரத்தப்போக்கு அதிகமானது. மெரூன் புடவை தவிர வேறு கட்டுவதில்லை.

“நிக்கப் போவுது ராஜாத்தி, அதான் இப்படிக் கொட்டுது. எல்லாருக்கும் உள்ளதுதான்,” என்று மற்றவர்கள் வைத்தியம் சொன்னார்கள். ஒருநாள் அம்மா எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். மாமி கெட்டவர் இல்லை. தானே ஆட்டோ பிடித்து தில்லை நகர் டாக்டரிடம் கூட்டிப் போனார். கூடவே நானும் போனேன்.

“பீரியட்ஸ் எப்படிம்மா இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

பக்கத்தில் மாமி.

“அதெல்லாம் நின்னு போச்சுங்க,” என்றாள் அம்மா. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த தடவை போனது பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பப்பையில் புற்று, பரவிவிட்டது என்றார்கள். போன ஐப்பசியில் அம்மா போய்விட்டாள்.

காரியத்துக்கு மாமி வந்தார். நிஜமாகவே அழுதார். கிளம்பும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உங்க ஊர்ல நின்னவா யாராவது இருந்தா சொல்லுடி. தை மாச ஆர்டர் தலைக்கு மேல இருக்கு,” என்றார்.

3. மல்லிகா அக்கா

தை மாசம் மல்லிகா அக்கா என் காதில் வந்து சொன்னார். “போனது திரும்பி வந்திருக்குடி. எனக்கு வயசு குறையுது போல.”

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்: ஒரு வருஷம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும். நிற்காத வயதிலும் கொட்டோ கொட்டென்று கொட்டினால் காட்ட வேண்டும்.

“வாங்கக்கா, டாக்டர்ட்ட போவோம்.”

“போயி? நாளைலேருந்து உங்கூட டப்பா ஒட்டவா? வாய மூடிக்கிட்டு இரு.”

மூடவில்லை. நான் தாண்டக் கூடாத அடுப்பங்கரை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். “மாமி, அக்காவுக்கு மறுபடி வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“ரங்கநாதா! கார்த்தால சுத்தின முறுக்கெல்லாம்?”

“முறுக்குக்கு ஒண்ணும் ஆகல மாமி, மொறுமொறுன்னுதான் இருக்கு. எங்கம்மா சுத்தினதும் அப்படித்தானே இருந்துச்சு.”

மாமி என்னையே பார்த்தார். “அப்போ ராஜாத்திக்கு...”

“நிக்கவே இல்ல மாமி.”

வாசலில் கல்யாண வீட்டார் கார் வந்து ஹாரன் அடித்தது. மாமி முறுக்குத் தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். “டப்பால அடுக்குங்கோ,” என்றார். அந்த முறுக்குக் கல்யாணத்துக்குப் போனது. கல்யாணமும் நன்றாகவே நடந்ததாம்.

அக்காவுக்கு உள்ளே சின்னதாகச் சதை வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து டேப் ஒட்டுகிறார். “உன்னாலதான்டி இந்தப் பொழப்பு,” என்று தினமும் திட்டுகிறார். திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே.

மாமி புது ஆட்களிடம் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வேலை கேட்டு வருகிற பொம்பளைகளை நான் பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துச் சொல்லிவிடுகிறேன்: “மாமி கேட்டா நின்னு போச்சுன்னு சொல்லுங்க. டாக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. எங்கம்மா ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிடுச்சு.”